வாசலில் வைத்துவிட்டுப் போன பெட்டி

நல்லேப்பிள்ளியில் பகல் 11 மணிக்கு ஆளிருக்கும் வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வீட்டுக்காரர் கஞ்சிக்கோட்டில் ஏதாவதொரு தொழிற்சாலையில் ஷிப்டில் இருப்பார். மனைவி சித்தூரில் வேலைக்குப் போயிருப்பார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். அந்த நேரம் பார்த்துத்தான் ஆள் பாதி, பை பாதியாக பைக்கில் கூரியர் இளைஞர் வந்து இறங்குவார். கதவில் பூட்டைப் பார்த்ததும் செல்போனை எடுப்பார்.

"சேட்டா, ஒரு பார்சல் உண்டு. வீட்டில ஆரும் இல்லையே?"

"ஆமா தம்பி, எல்லாரும் வெளிய இருக்கறோம். பின்னால துவைக்கிற கல்லுக்குப் பக்கத்துல ஒரு பக்கெட்டு கவுத்துக் கெடக்கும். அதுக்கு அடியில வெச்சிட்டுப் போயிருங்க."

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் புழங்கும் ஊர்களில், இந்த உரையாடல் நாள் தவறாமல் நடக்கிறது. கூரியர் இளைஞர்களின் மனதில் ஒரு மறைவிட அகராதியே உருவாகியிருக்கும். கவிழ்த்த பக்கெட், மாட்டுத் தொட்டி, மோட்டார் ரூம், மின்சார மீட்டரின் தலை, செருப்பு ஸ்டாண்டின் கீழ்த்தட்டு, தேங்காய் மட்டைக் குவியல், சமையலறை ஜன்னல் கம்பி வழியே உள்ளே தள்ளிவிடுவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோளாறு உண்டு. ஜூன் மாதம் பிறந்தால் மீட்டரின் தலை நனையும். மாட்டுத் தொட்டியில் வைத்த அட்டைப்பெட்டி தனக்கென்றே வைக்கப்பட்டதாக மாடு நினைத்துக்கொள்ளும். ஜன்னல் வழியாகத் தள்ளிய பொருள் கண்ணாடியாக இருந்தால் அதோடு சரி.

இந்த மறைவிடங்கள் எதுவும் உண்மையில் மறைவிடம் அல்ல என்பதுதான் பெரிய கோளாறு. வீட்டுச் சாவியை நிலைக்கு மேலே வைப்பது ஊருக்கே தெரிந்த ரகசியம். பார்சலும் அந்த வழிக்குப் போயிருக்கிறது. பைக் சத்தம் கேட்கிறது, ஒருவர் பெட்டியோடு கொல்லைப்பக்கம் போகிறார், வெறுங்கையோடு திரும்புகிறார். தெருவில் யார் நின்றிருந்தாலும் மீதியை ஊகித்துவிடலாம்.

இளைஞர் பக்கெட்டுக்கு அடியில் பெட்டியை வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்கிறார். 'ஒப்படைக்கப்பட்டது' என்று செல்போனுக்குச் செய்தி வந்துவிடுகிறது. யாரிடம் ஒப்படைக்கப்பட்டது? பக்கெட்டிடம். மாலையில் வீட்டுக்கு வந்து பார்த்தால் பக்கெட் இருக்கிறது, பெட்டி இல்லை.

இது முற்றிப்போன நோயாக இருப்பது அமெரிக்காவில். அங்கே வீட்டுக்கு மதில் கிடையாது, முன்வாசல் தெருவைப் பார்த்துத் திறந்து கிடக்கும், பெட்டியை அங்கே வைத்துவிட்டுப் போவதுதான் வழக்கம். கிறிஸ்துமஸ் நெருங்கினால் திருடர்களுக்கும் சீசன். இவர்களுக்கு 'வாசல் கடற்கொள்ளையர்' என்று ஒரு பெயரே வைத்துவிட்டார்கள். 2018 டிசம்பரில் நியூஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி சிட்டி போலீசார் அமேசான் நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு பொறி வைத்தனர். இருக்குமிடம் காட்டும் கருவியை வைத்துப் பொய்ப் பெட்டிகளைச் சில வீட்டு வாசல்களில் போட்டார்கள். ஒரு பெட்டி மூன்றே நிமிடத்தில் களவு போயிற்று. அதே மாதம் நாசாவில் வேலை பார்த்த பொறியாளர் மார்க் ரோபர், திறந்தால் திருடன் முகத்தில் ஜிகினாத் தூள் தெறிக்கும் பெட்டி ஒன்றைச் செய்து படம் பிடித்து வெளியிட்டார். கோடிக்கணக்கானவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். அதில் வந்த திருட்டுகளில் சில, அவருக்கு உதவியவர்களின் ஆட்கள் நடித்துக் கொடுத்தவை என்று பிறகு தெரியவந்து, ரோபர் மன்னிப்புக் கேட்டு அந்தக் காட்சிகளை நீக்கினார். திருட்டைத் தடுக்கப் போன இடத்திலும் ஒரு சின்னத் தில்லுமுல்லு.

சட்டத்திலும் அங்கே ஒரு வேடிக்கை. அரசுத் தபாலைத் திருடினால் மத்திய அரசுச் சட்டப்படி ஐந்தாண்டு வரை சிறை. தனியார் கூரியர் கொண்டுவந்த பெட்டிக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஒரே வாசலில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும் இரண்டு பெட்டிகளில் எதை எடுத்தான் என்பதைப் பொறுத்து குற்றம் மாறும். டெக்சாஸ் மாநிலம் 2019இல் தனியாகச் சட்டம் போட்டு, எத்தனை முகவரிகளிலிருந்து எடுத்தான் என்று எண்ணித் தண்டனையை ஏற்றிக்கொண்டே போகும்படி செய்தது.

இங்கே நெடுங்காலம் இந்தத் தொல்லை இல்லாமல் போனதற்குக் காரணம் நம்மவர்களின் நாணயம் என்று சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கும். நிஜக் காரணம் வேறு. இந்தியாவில் தபாலும் பார்சலும் கைக்குக் கை மாறித்தான் வந்தன. பழங்காலத்தில் பயம் வழியில்தான், வாசலில் அல்ல. சித்தூர் தாலுகா அன்று கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. சமஸ்தானத்தின் மற்றப் பகுதிகளிலிருந்து விலகி, மதராஸ் மாகாணத்து மலபார், கோவை ஜில்லாக்களுக்கு நடுவே தனித்துக் கிடந்தது. பிரிட்டிஷ் தபாலோடு சமஸ்தானத்துக்குச் சொந்தமாக ஓர் 'அஞ்சல்' இலாகாவும் இருந்தது. (தபாலைத் தள்ளிவிட்டு அஞ்சலைத் தூக்கிப் பிடித்த தமிழ்நாட்டுக்காரர்கள் கவனிக்க: கொச்சியிலும் திருவிதாங்கூரிலும் அது எந்த இயக்கமும் இல்லாமலே அன்றாடச் சொல்லாக இருந்தது.) மணி கட்டிய கோலோடு அஞ்சலோட்டக்காரர் ஓடிவருவார். மணிச் சத்தம் கேட்டதும் ஜனங்கள் ஒதுங்கி வழிவிட வேண்டும். பையை அடுத்த ஓட்டக்காரரின் கையில் கொடுத்த பிறகுதான் அவர் ஓட்டம் முடியும். 1951இல் இந்த அஞ்சல் இந்தியத் தபால் துறையோடு இணைந்தது.

பெட்டியைத் தரும்போதே பணத்தை வாங்கிக்கொள்ளும் வி.பி.பி. முறை இந்தியாவுக்கு 1877இலேயே வந்துவிட்டது. கைக்கடிகாரம், லேகியம், ஜோதிடப் புத்தகம் என்று தமிழ்ப் பத்திரிகைகளின் விளம்பரப் பக்கங்கள் பல தலைமுறைக்கு அதை நம்பித்தான் பிழைத்தன. பணம் தராமல் பெட்டி இல்லை. ஆள் இல்லாமல் பணம் இல்லை. ஆகவே வாசலில் பெட்டி கிடக்க வழியே இல்லை. பதிவுத் தபாலுக்குக் கையெழுத்து. எழுதத் தெரியாதவர் என்றால் கைநாட்டு, கூடவே ஒரு சாட்சி. ஆள் இல்லாவிட்டால் சீட்டு எழுதி வைத்துவிட்டு, தபால்காரர் பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவார். இணைய வியாபாரம் இங்கே சூடு பிடித்ததும் இதே உத்தியால்தான். 2010இல் பிளிப்கார்ட் 'பொருள் வந்ததும் பணம்' என்று அறிவித்தபோது அதை ஒரு புதுமையாகப் பேசினார்கள். தாத்தா காலத்து வி.பி.பி. பேன்ட் சட்டை போட்டுக்கொண்டு வந்தது, அவ்வளவுதான்.

இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி தெறித்தது 2020இல். கொரோனா ஊரடங்கில் தொடாமல் கொடுப்பதுதான் மரியாதை என்றாயிற்று. கையெழுத்து போயிற்று. பணம் முன்கூட்டியே செல்போனில் கட்டியாயிற்று. பெட்டியை வாசலில் வைத்து, பெல்லை அடித்து, ஆறடி தள்ளி நின்றார்கள். நோய் போன பிறகும் பெட்டியை வைத்துவிட்டுப் போகும் பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. அது எல்லோருக்கும் சௌகரியமாக இருந்தது. கொண்டுவருகிறவருக்குப் பெரும்பாலும் பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி. ஒரே வீட்டுக்கு இரண்டாம் முறை வந்தால் அவருக்குப் பெட்ரோல்தான் நஷ்டம். கம்பெனிக்கு ஒரு கணக்கு முடிந்தது. வாங்குகிறவருக்கு வேலைக்கு லீவு போட வேண்டியதில்லை. மூவருக்கும் சௌகரியமான இந்த ஏற்பாட்டில் நாலாவதாக ஒருவருக்கும் சௌகரியம் இருந்ததை யாரும் யோசிக்கவில்லை.

சரி, பெட்டி போய்விட்டது. போலீசுக்குப் போகலாமா?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு திருட்டைப் பற்றியது. மூன்றாண்டு வரை சிறை. ஆனால் திருடிய பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்து, தண்டனை பெறுபவருக்கு அது முதல் தடவையாகவும் இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவைதான் தண்டனை. பசியில் திருடியவனையும் தொழில்முறைத் திருடனையும் ஒரே சிறையில் தள்ளக்கூடாது என்பது நல்ல எண்ணம்தான். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. 5,000 ரூபாய்க்குக் கீழான இந்தத் திருட்டைப் போலீஸ் தானாக விசாரிக்க முடியாத குற்றங்களின் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். திருடன் யாரென்றே தெரியாதபோது அவன் முதல் தடவைக்காரனா பழம் பெருச்சாளியா என்பது ஸ்டேஷன் எழுத்தருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கக்கூடாது. வீட்டுக்குள்ளிருந்து எடுத்தால் 305ஆம் பிரிவு, ஏழாண்டு வரை. துவைக்கிற கல் வீட்டுக்குள்ளா வெளியேவா என்று வக்கீல்கள் வாதாடிக்கொள்ளட்டும். நம் வாசலுக்கு வரும் பெட்டிகளில் பெரும்பாலானவை நைட்டி, மிக்ஸி ஜார், செல்போன் கவர், பள்ளிக்கூடப் பை. 5,000 ரூபாயை எட்டிப் பிடிப்பவை குறைவு. 700 ரூபாய்ச் சமாச்சாரத்துக்கு மாஜிஸ்திரேட் வரை போகிற குடும்பம் எது?

தபாலுக்கும் இதே கதிதான். 1898ஆம் ஆண்டுத் தபால் அலுவலகச் சட்டத்தில், தபால் ஊழியரே பொருளைத் திருடினால் ஏழாண்டு வரை சிறை என்று தனிப் பிரிவு இருந்தது. 2024 ஜூன் 18 முதல் அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் அப்படித் தனிக் குற்றப் பிரிவுகள் இல்லை. எல்லாம் பொதுக் குற்றச் சட்டத்தின் தலையில்.

போலீஸ் தேடாவிட்டால் ஊர் தேடும். இதில் பயப்பட வேண்டிய இடம் அதுதான். பெட்டி காணவில்லை என்றதும் தெருவில் ஒரு கணக்குப் போடப்படுகிறது. பகலில் யார் இந்தப் பக்கம் வந்தார்கள்? பழைய இரும்பு வாங்குகிறவர் வந்தார். தேங்காய் பறிக்கிறவர் வந்தார். தோப்பில் வேலை செய்யும் வடநாட்டுப் பையன்கள், கேரள அரசு 'அதிதி' என்று அழைக்கும் விருந்தாளித் தொழிலாளிகள், குளிக்கப் போனார்கள். கூரியர் இளைஞரே எடுத்துக்கொண்டு படம் மட்டும் காட்டியிருக்கலாம். பட்டியலில் இருப்பவர்களைப் பாருங்கள். ஒருவரும் சொந்த வீட்டுக்காரர் இல்லை, ஒருவரும் நம் சொந்தக்காரர் இல்லை. பக்கத்து வீட்டுப் பிளஸ் டூ மாணவன் இந்தப் பட்டியலில் ஒருநாளும் வரமாட்டான்.

இதே பாலக்காடு மாவட்டத்தில், அட்டப்பாடியில், 2018 பிப்ரவரி 22 அன்று மது என்ற ஆதிவாசி இளைஞரைக் காட்டிலிருந்து பிடித்து வந்தார்கள். கடைகளில் அரிசியும் சாப்பாட்டுச் சாமானும் திருடினார் என்பது குற்றச்சாட்டு. கட்டி வைத்து அடித்தார்கள். கூடவே நின்று செல்பி எடுத்துக்கொண்டார்கள். அன்றே அவர் இறந்துபோனார். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு தனி நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்மானித்து, அவர்களில் 13 பேருக்கு ஏழாண்டு கடுங்காவல் விதித்தது. ஒரு பிடி அரிசிக்காக இத்தனையும். அதற்கும் கொல்லைப்புற பக்கெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், சந்தேகம் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரித்தான் ஆளைத் தேர்ந்தெடுக்கிறது.

பெட்டியின் விலையை மட்டும் வைத்து இந்தத் திருட்டை அளந்தால் கணக்குத் தப்பும். 700 ரூபாய் நைட்டி போனால் இன்னொன்று வாங்கலாம். பத்து வருஷமாகத் தோப்புக்கு வந்துபோகிற தேங்காய்க்காரரை ஒருமுறை 'நீ பாத்தியா?' என்று கேட்ட கேள்வியைத் திரும்ப வாங்க முடியாது.

நஷ்டம் யாருடையது என்பதற்குச் சட்டம் என்ன சொல்கிறது? பிரிட்டனில் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் இதை ஒரே வரியில் முடித்துவிட்டது: வாங்கியவரின் கைவசம் வந்து சேரும்வரை பொருளின் பொறுப்பு விற்றவருடையது. இந்தியாவின் சரக்கு விற்பனைச் சட்டம் 1930ஆம் ஆண்டைச் சேர்ந்தது. லாரியில் ஏற்றிவிட்டால் வாங்குபவரிடம் ஒப்படைத்த மாதிரிதான் என்று மேலெழுந்தவாரியாகக் கொள்ளலாம் என்கிறது. பருத்தி மூட்டை வியாபாரிகளை மனதில் வைத்து எழுதிய சட்டம். மிக்ஸி ஜாருக்குப் பொருந்துமா? நல்லவேளையாக 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் 2020இல் வந்த மின்வணிக விதிகளின்படி, புகார் கொடுத்தால் 48 மணி நேரத்தில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரி அதைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்திடம் முறையிடலாம். பெங்களூர்க் கம்பெனி மீது பெங்களூரில் போய் வழக்குப் போட வேண்டியதில்லை. குடியிருக்கும் இடத்திலேயே, அதாவது நல்லேப்பிள்ளிக்காரர் பாலக்காட்டு மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். 5 லட்ச ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை.

ஆனால் அங்கே கம்பெனி வக்கீல் கேட்கப்போகும் முதல் கேள்வி இது: "பக்கெட்டுக்கு அடியில் வைக்கச் சொன்னது நீங்கள்தானே?" சொன்னது நாம்தான். அந்த ஒரு வாக்கியத்தில் நம் வழக்கின் பாதி போய்விடும்.

வைக்கச் சொல்லாதவர்களுக்கு நியாயம் கிடைத்திருக்கிறது. 2021 அக்டோபரில் எர்ணாகுளம் மாவட்டம் ஆலுவாவில் ஒருவர் 70,900 ரூபாய் கட்டி ஐபோன் வரவழைத்தார். கொண்டுவந்தவரின் எதிரிலேயே, வீடியோ எடுத்தபடி பெட்டியைப் பிரித்தார். உள்ளே பாத்திரம் தேய்க்கும் விம் சோப்பும் ஒரு 5 ரூபாய் நாணயமும் இருந்தன. கேரள போலீசார் அந்த போனின் அடையாள எண்ணை வைத்துத் தேடியபோது, அது முந்தைய மாதத்திலிருந்தே ஜார்க்கண்டில் யாரோ உபயோகித்துக்கொண்டிருந்த போன் என்று தெரிந்தது. பணம் முழுவதும் திரும்பி வந்தது. களவு வாசலில் நடக்கவில்லை, எங்கோ நடந்திருக்கிறது. ஆலுவாக்காரரைக் காப்பாற்றியது அந்த இரண்டு நிமிடம்: பெட்டி கைமாறியது, கொடுத்தவர் இன்னும் நிற்கிறார், கேமரா ஓடுகிறது. பக்கெட்டுக்கு அடியிலிருந்து எடுத்த பெட்டிக்குள் சோப்பு இருந்தால் அதை யாரிடம் போய்ச் சொல்வது?

கையெழுத்து போன இடத்தில் இப்போது ஓ.டி.பி. வந்து உட்கார்ந்திருக்கிறது. விலை கூடிய சாமான்களுக்குக் கம்பெனிகளே அதைக் கேட்கின்றன. தபால் துறையும் விழித்துக்கொண்டது. 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு இணைத்த துறை, அடுத்த மாதமே ஸ்பீட் போஸ்ட்டில் ஓ.டி.பி. சொன்னால்தான் பொருள் என்ற வசதியைக் கொண்டுவந்தது. கூடுதல் கட்டணம் 5 ரூபாய், அதன்மேல் வரி. ஒரு டீயின் விலைக்கும் கீழே. அனுப்புகிறவர்தான் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

கிராமத்தில் இதற்கும் ஓர் இடைஞ்சல் உண்டு. மகன் திருப்பூரிலோ துபாயிலோ இருந்துகொண்டு அம்மாவுக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி வாங்கி அனுப்புகிறார். பெட்டி அம்மாவிடம் வருகிறது, எண் மகனின் போனுக்குப் போகிறது. அவர் மீட்டிங்கில் இருக்கிறார். வாசலில் நிற்கும் இளைஞருக்கு இன்னும் நாற்பது வீடு பாக்கி. "அம்மே, அந்த நம்பர் வந்நோ?" என்று அவர் கேட்க, அம்மா கேஸ் சிலிண்டருக்கு வந்த பழைய எண்ணைத் தேடி எடுத்து வாசிக்கிறார். ஆர்டர் போடும்போது அம்மாவின் செல்போன் எண்ணையே கொடுத்துவிட்டால் தொல்லை பாதி குறையும். ஆனால் ஒரு பாடம் சொல்லித்தந்துவிட வேண்டும்: பெட்டியைக் கையில் வாங்கிய பிறகுதான் எண், அதுவும் எதிரில் நிற்பவரிடம் மட்டும். போனில் யார் கேட்டாலும் கிடையாது. பார்சல் கான்சல் ஆகிவிட்டது, எண்ணைச் சொல்லுங்கள் என்று அழைப்பவருக்குப் பெட்டியே தேவையில்லை. வங்கிக் கணக்குதான் குறி. 'உங்கள் முகவரி சரியில்லை, இந்த லிங்க்கைத் தட்டுங்கள்' என்று தபால் துறையின் பெயரில் வரும் குறுஞ்செய்திகள் மோசடி என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் எச்சரித்திருக்கிறது. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930க்குப் போன் செய்ய வேண்டும். காலி அட்டைப்பெட்டியைக் குப்பையில் போடுமுன் பெயரும் போன் எண்ணும் உள்ள சீட்டைக் கிழித்துவிடுவதும் நல்லது. அடுத்த அழைப்புக்கு விலாசம் கொடுப்பது அந்தச் சீட்டுதான்.

கேமராவைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். கேமரா திருட்டைத் தடுப்பதைவிடத் திருட்டைக் காட்டுவதில்தான் கெட்டி. தொப்பியும் மாஸ்க்கும் போட்ட ஒருவர் பெட்டியை எடுத்துக்கொண்டு போகும் படம் கிடைக்கும். அந்தப் படம் ஊர் வாட்ஸப்பில் சுற்றும். மாஸ்க்குக்குப் பின்னால் யாருடைய முகம் என்று தெரு ஒரு முடிவுக்கு வரும். மறுபடி அதே பட்டியல்.

இரும்புப் பெட்டி இதைவிட மேல். ஜெர்மனியிலும் ஜப்பானிலும் அதைப் பெரிய ஏற்பாடாகவே செய்திருக்கிறார்கள்: அங்கே ரயில் நிலையத்தருகே, இங்கே அடுக்குமாடி வாசலில், பூட்டுப் போட்ட அறைகள் வரிசையாக நிற்கும். நமக்கு அவ்வளவு வேண்டாம். கோயில் உண்டியல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்த எந்த வெல்டிங் பட்டறைக்காரரும் செய்துவிடுவார். மேலே அகலமான வாய், உள்ளே சரிவான ஒரு தகடு, போட்டால் விழும், கைவிட்டால் எட்டாது, முன்பக்கம் பூட்டு. மழைக்கு ஒரு கூரை. சுவரில் போல்ட் போட்டு இறுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் பெட்டியோடு பெட்டி போய்விடும். உண்டியலையே தூக்கிக்கொண்டு போனவர்கள் உண்டு.

ஆனாலும் இந்தப் பக்கத்து ஊர்களில் பெட்டிகளைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது இரும்பு அல்ல, பலசரக்குக் கடை. அக்ரகாரம் என்றால் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியிருக்கும், பக்கத்து மாமி வாங்கி வைத்துவிடுவார். தென்னந்தோப்புக்கு நடுவே இருக்கும் வீட்டுக்கு அடுத்த வீடு கூப்பிடு தூரம்கூட இல்லை. அவர்களுக்கு முக்கு ரோட்டுக் கடைதான் விலாசம். அமேசான் 2015இலேயே 'என்னிடம் இடம் இருக்கிறது' என்ற பொருள்படும் பெயரில் சின்னக் கடைக்காரர்களைப் பார்சல் வேலைக்குச் சேர்த்துக்கொண்டது. பிளிப்கார்ட்டும் பிறகு அதே வழியில் வந்தது. அந்தத் திட்டங்களைப் பற்றிக் கேள்விப்படாத கடைக்காரர்களும் இதைச் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருக்கிறார்கள்.

செய்வதை ஒழுங்காகச் செய்தால் போதும். முதலில், கடைக்காரரிடம் கேட்டுவிட்டு அவர் கடை விலாசத்தைப் போட வேண்டும். போனில் "அந்தக் கடையில் குடுத்துருங்க" என்று கடைசி நிமிடத்தில் சொல்வதல்ல. இரண்டாவது, பணம் கட்டாத பெட்டியை அவர் தலையில் கட்டக்கூடாது. 1,200 ரூபாயை அவர் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுப்பார் என்று எதிர்பார்ப்பது நட்புக்கு ஆகாது. விலை கூடியது என்றால் கடை வேண்டாம். வேலை செய்யும் ஆபீசுக்கே வரவழைத்து, பிரித்துப் பார்த்து வாங்கிக்கொள்வதே உத்தமம். அப்புறம், ஒரு 40 பக்க நோட்டு. தேதி, யார் பேருக்கு, எந்த கம்பெனி, எடுத்துக்கொண்டு போனவர் கையெழுத்து. இந்த நோட்டு இருக்கும் கடையில் பெட்டி காணாமல் போனால் யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. புரட்டிப் பார்த்தால் போதும். சம்பந்தமில்லாத தேங்காய்க்காரர் பெயர் அதில் இருக்காது.

கடைக்காரருக்கு இதில் என்ன லாபம்? பெட்டியை எடுக்க வருகிறவர் வெறுங்கையோடு திரும்புவதில்லை. அரைக் கிலோ சர்க்கரையோ ஒரு சோப்போ வாங்குவார். வாங்காமல் போகிற மகானுபாவர்களும் உண்டு. அவர்களின் பெட்டி அரிசி மூட்டைக்குப் பின்னால் கொஞ்சம் ஆழத்தில் போய்விடும். எடுத்துத் தர நேரமாகும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் கடை இருக்காது. அன்றைக்கு வீட்டில் ஆள் இருக்கும்.